எக்ஸ்பிரஸும் கூட்ஸும்

வாரப் பத்திரிகை வருகிற நாளில் கீழ் வீட்டில் சண்டை நடக்காமல் இருந்ததில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் வருகிற சண்டைதான், பெரிதாக ஒன்றும் இல்லை. அதில் வருகிற தொடர்கதையை அவர்தான் முதலில் படிப்பார். படித்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். அவள் அடுப்படி வேலையை முடித்து, கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்காரும் நேரம் பார்த்து, "அந்த டாக்டர் பொண்ணு இந்த வாரம் வீட்டை விட்டுக் கிளம்பிடுறா" என்று போட்டு உடைப்பார். அவள் பத்திரிகையைச் சுருட்டி அவர் மேலேயே வீசுவாள். மாடியில் குடியிருக்கிற எனக்கு எல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்கும். கேட்டுக்கொண்டே நான் சோற்றைப் பிசைவேன்.

நாங்கள் மூவரும் வேலை பார்ப்பது ஒரே அச்சகத்தில். மருந்துப் பெட்டிகளும், அந்தப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற குறிப்புத் தாள்களும்தான் அங்கே அச்சாகும். அவர் ரீடர். அச்சுக்குப் போகும் முன்னால் எழுத்தையெல்லாம் படித்துச் சரிபார்க்கிற வேலை. அவள் மடிக்கிற பிரிவில் இருந்தாள். நான் மெஷின்காரன். அவள் என்னை அண்ணே என்பாள். அதனால் அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாப்பிள்ளை. ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது போதாதா?

அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தது டீக்கடை. பேப்பரை விரித்துப் பிடித்தால், டீ ஆறுவதற்குள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போய் வந்துவிடுவார். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். மூன்றாம் பக்கத்தின் அடியில் என்ன விளம்பரம்? காணாமல் போன நாயின் கலர் என்ன? எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும். அவர் சொந்தக் காசில் டீ குடித்து நான் பார்த்ததில்லை. மனைவிக்கு அவராகவே கூட்ஸ் என்று பெயர் வைத்திருந்தார். அவள் வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக்கொண்டு போவாள். "கூட்ஸ் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு எப்ப வரும்?" என்று அவர் கேட்பார். அவள் விரலை எடுக்காமலே முறைப்பாள்.

எனக்கு அந்த வேகத்தின் மேல் எப்போதுமே கொஞ்சம் கடுப்பு உண்டு. அவர் வருவதற்கு முன்னால் ரீடர் அறையில் இரண்டு நாற்காலிகளிலும் ஆள் இருக்கும். ஒருவர் மருந்துக் கம்பெனி அனுப்பிய மூலத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் அச்சுப் பிரதியில் கண் வைத்துப் பார்ப்பார். அதுதான் முறை. இவர் வந்த புதிதில், "எதுக்கும்மா ரெண்டு பேரு? நான் ஒருத்தனே போதும்" என்று முதலாளியம்மாவிடம் சொன்னார். ஒரு சம்பளம் மிச்சம் என்றால் எந்த முதலாளிக்கு வலிக்கும்? அன்றிலிருந்து இரண்டாவது நாற்காலியில் பழைய தாள்கள் அடுக்கு அடுக்காக ஏறி உட்கார்ந்துகொண்டன.

அந்த அறையின் வாசலில் ஒரு பித்தளை மணி தொங்கும். ரீடர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால் மெஷின் ஓடும். அதற்கப்புறம் தப்பு ஏதாவது தென்பட்டால் அவர் மணியை இழுப்பார், மெஷின் நிற்கும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. முதலாளியம்மாகூடத் தொட மாட்டார். பழைய ரீடர்கள் காலத்தில் அது அடிக்கடி அடிக்கும். நாங்களும் பழித்துக்கொண்டே நிறுத்துவோம். எக்ஸ்பிரஸ் வந்த பிறகு ஒரு தடவைகூட அடித்ததில்லை. அந்த மணியின் கொக்கியில் அவர் தன் குடையை மாட்டி வைத்திருந்தார்.

மழை தொடங்கிய சமயத்தில், ஒரு நாள் காலை, கை கழுவுகிற இடத்தில் அப்படியே சரிந்து விழுந்தார். நானும் பைண்டரும்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூளையில் சின்ன அடைப்பு, நல்ல நேரம், தானாகவே கரைந்துவிட்டது என்றார்கள். கை நன்றாக இருந்தது, கால் நன்றாக இருந்தது, பேச்சு குழறவில்லை. டாக்டர் சுவரில் இருந்த ஓர் அறிவிப்பைக் காட்டிப் படிக்கச் சொன்னார். மாப்பிள்ளை மூச்சு விடாமல் படித்தார். டாக்டரே சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பியவர் முன்பைவிட வேகமாக இருந்தார். காலையில் போன ப்ரூஃப் டீ வருவதற்குள் பச்சைக் கையெழுத்தோடு திரும்பி வரும். முதலாளியம்மா என் எதிரிலேயே அவரை மெச்சினார். டீக்கடைக்கு மட்டும் அவர் வருவதில்லை. டாக்டர் டீ குடிக்க வேண்டாம் என்றாராம். கீழ் வீட்டிலும் சத்தம் அடங்கிவிட்டது. பத்திரிகை வருகிற நாள் வந்தது, போனது, சண்டை இல்லை. நோய் மனுஷனைப் பக்குவப்படுத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் எப்போதும் கொஞ்சம் லேட்டாகப் புரிந்துகொள்கிற ஆள்.

ஒரு சாயங்காலம் அவள் படியேறி வந்தாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார்; கீழே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

"இவரு கதையைச் சொல்றதை நிறுத்திட்டாருண்ணே" என்றாள்.

"நிம்மதின்னு இருக்க வேண்டியதுதானே?"

"இருந்தேன். அப்புறம் என்னமோ மனசு கேக்கல. இந்த வாரம் பின்னைக் கழட்டி நடுத்தாளை உருவிட்டு, திரும்ப மாட்டிக் குடுத்தேன். அந்தப் பொண்ணு பஸ்ல ஏறுறா. அடுத்த பக்கத்துல ஆஸ்பத்திரியில யாரோ அழுவுறாங்க. யாரு, எதுக்குன்னு எவனுக்கும் புரியாது. இவரு கடைசி வரைக்கும் படிச்சுட்டு மடிச்சு வெச்சாரு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லா இருந்துச்சுன்னாரு."

ஏதாவது யோசனையில் படித்திருப்பார் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நான் பக்கத்துலயே உக்காந்து அவரு முகத்தைப் பார்த்தேன். கண்ணு அதே மாதிரிதான் ஓடுது. ஆனா முன்ன சிரிப்பாரு, உச்சுக்கொட்டுவாரு, எழுதினவனைத் திட்டுவாரு. இப்ப முகத்துல ஒண்ணுமே வரலைண்ணே."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா வாயை மூடிட்டு இருக்காரு?"

கீழே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் திரும்பி வந்த நாளிலிருந்து நான் ஓட்டிய தாள்களெல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் மூலையில் பச்சைக் கையெழுத்து. மருந்து குடிக்கிறவன் அந்தத் தாளைத்தானே நம்புவான்! இப்போதே முதலாளியம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

அவள் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். ஏற்கெனவே போனதையெல்லாம் அவளே படித்துப் பார்ப்பாளாம். தப்பு இல்லையென்றால், அவளே அவரிடம் பக்குவமாகப் பேசி, அவர் வாயாலேயே சொல்ல வைப்பாளாம். "நாம போய்ச் சொன்னா அவரு உடைஞ்சிருவாரு. படிக்கிறதைத் தவிர அவருக்கு என்ன தெரியும்? ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது. பொண்ணு படிப்பு வேற பாதியில நிக்குது" என்றாள். மகள் வெளியூரில் விடுதியில் இருந்தாள். நான் சரி என்றேன். சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல வரவில்லை.

மறுநாள் கழிவுத் தாள் குவியலிலிருந்து, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஓடி முடிந்திருந்த இரண்டு வேலைகளின் தாள்களைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். டீ நேரத்தில் அவள் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். இரண்டும் பழைய வேலைகளின் மறுபதிப்பு. தப்பு எதுவும் இல்லை என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டிக் காட்டினாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வரவில்லை, ஏனென்றால் அப்போது என் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது புது வேலை. குழந்தைகளும் பெரியவர்களும் குடிக்கிற காய்ச்சல் மருந்துக்கான குறிப்புத் தாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் தாள் ஈரத்தைக் குடித்துவிடும். இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு உள்ளே போய் மெஷின் கத்தும். விசிறியை வைத்துக் காயவைத்து, கட்டுக் கட்டாக உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன். லாரி வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. இந்த வேலையிலேயே முதலில் அச்சான தாள்கள் மடிப்புக்குப் போய், பெட்டிக்குள் ஏறி, சில பெட்டிகள் வாசலுக்கே போய்விட்டன. டிரைவர் வந்து வந்து எட்டிப் பார்த்தான்.

அவள் வந்து மெஷினிலிருந்து விழுகிற தாள் ஒன்றை எடுத்தாள். நான் நாள் முழுக்க அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மெஷின்காரனுக்கு எழுத்தென்றால் கறுப்பு. கறுப்பு சீராக விழுகிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, அவ்வளவுதான். என் வாழ்நாளில் மலை மாதிரி தாள் பார்த்திருக்கிறேன், ஒரு வரி படித்ததில்லை. அவள் மெஷின் பக்கத்திலேயே நின்று, ஈர விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, முதல் வரியில் வைத்தாள்.

சீக்கிரம் படி தாயே என்று எனக்கு உள்ளே கத்தியது. அவள் மெதுவாகத்தான் படித்தாள். மருந்தின் பெயர், அதில் என்னென்ன கலந்திருக்கிறது, எங்கே வைக்க வேண்டும், யார் குடிக்கக்கூடாது. மெஷின் தடதடவென்று தாளைத் துப்பிக்கொண்டே இருந்தது. விரல் கட்டம் போட்ட இடத்துக்கு வந்தது. நின்றது. மேலே போனது, திரும்பக் கீழே வந்தது. அவள் தாளை என்னிடம் நீட்டி, விரலை அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்தாள்.

நானும் படித்தேன். மெஷினை நிறுத்தினேன்.

மணியடிக்காமல் மெஷின் நின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். மேலேயிருந்து முதலாளியம்மா ஏன் என்று கேட்டார். பிளாங்கெட் கழுவணும் என்று கத்தினேன். மை ஒட்டுகிற ரப்பர் துணி அது. மெஷின்காரன் மணியில்லாமல் நிறுத்துவதற்கு ஊரறிந்த ஒரே சாக்கு. சீக்கிரம் ஆகட்டும், லாரி நிற்கிறது என்றார். நான் ஒரு பழந்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் பின்னாலேயே ரீடர் அறைக்குப் போனேன்.

அவர் அடுத்த ப்ரூஃபில் இருந்தார். கண் இடமும் வலமுமாகப் பறந்துகொண்டிருந்தது. அவள் தாளை மேஜையில் வைத்தாள்.

"இதை ஒரு தடவ பாருங்க."

"நான் பாஸ் பண்ணதுதானே?"

"பாருங்க."

அவர் பார்த்தார். நான் ஒரு தடவை மூச்சு விடுவதற்குள் தாளின் அடிக்கு வந்துவிட்டார். "சரியாத்தான் இருக்கு."

"என்ன இருக்கு அதுல?"

"காய்ச்சல் மருந்து. எப்படிக் குடுக்கணும், எங்க வைக்கணும், அதான்."

"எவ்வளவு குடுக்கணும்?"

அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். மறுபடியும். பிறகு சிரித்தார், அந்தப் பழைய சிரிப்பு. "என்ன, கூட்ஸ் வண்டி எக்ஸ்பிரஸுக்குச் சிக்னல் போடுதா?" அவள் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "மச்சான், மெஷின் ஏன் நிக்குது?"

"பிளாங்கெட் கழுவுறேன் மாப்ள."

"நேத்துதானே கழுவுனீங்க?"

அதெல்லாம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மனுஷன் முழுசாக எதிரில் உட்கார்ந்திருக்கிறார், புத்தியில் ஒரு குறையும் இல்லை. எழுத்து மட்டும் கண்ணோடு வந்து கண்ணோடு திரும்பிப் போகிறது.

அவள் இரண்டாவது நாற்காலியில் இருந்த பழைய தாள்களை அடுக்கடுக்காக எடுத்துத் தரையில் வைத்தாள். முந்தானையால் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். என்ன பண்ற என்று அவர் கேட்டார். அவள் தாளை எடுத்து, விரலை வைத்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

"கொடுக்க வேண்டிய அளவு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு... நான்கு... தேக்கரண்டி."

"என்ன?" என்றார் அவர்.

"பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு... அரை... தேக்கரண்டி."

"நிறுத்து. நீ தப்பாப் படிக்கிற."

"நான் தப்பாப் படிக்கிறவ இல்லைங்க" என்றாள் அவள். "மெதுவாப் படிக்கிறவ."

அவர் தாளைப் பிடுங்கினார். அவளைப் போலவே விரலை வரிக்கு அடியில் வைத்தார். உதடு அசைந்தது. நான்கு தேக்கரண்டி என்று அவர் வாயே சொன்னது. சொல்லிவிட்டு அது என்ன என்று தேடுகிற மாதிரி எங்களைப் பார்த்தார். தாளைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவ படி" என்றார்.

அவள் படித்தாள். இந்த முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கைக்குழந்தைக்கு நாலு ஸ்பூன்" என்று மெல்லச் சொன்னார். முகத்தில் எல்லாம் வந்தது. அவ்வளவு நாளும் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். கொக்கியிலிருந்து குடையைக் கழற்றிக் கதவோரம் சாய்த்து வைத்தார். பிறகு மணியை இழுத்தார். ஒருமுறை இழுத்தால் போதும். அவர் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்.

முதலாளியம்மா படியிறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டு, தாளைப் பார்த்து, நல்ல வேளை, சரிசெய்து மறுபடி ஓட்டலாம், ஒரு தப்பு யாருக்கும் வரும் என்றார். அவருக்கு லாரிக் கவலை. அந்த இடத்தில் மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நானாக இருந்தால் இருந்திருப்பேன்.

"ஒரு தப்பு இல்லம்மா" என்றார் அவர். "கண்ணு ஓடுது. வாய்கூட ஓடும். உள்ள ஒண்ணும் போகல. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்தே இப்படித்தான். சரியாயிடும், சரியாயிடும்னு நினைச்சுக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரிந்துகொண்டேவா போட்டாய் பாவி என்று சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எல்லார் முன்னாலும் அதைச் சொன்னதற்காகக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வாசலுக்குப் போன பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி டிரைவரிடம் ஓடினேன்.

முதலாளியம்மா கத்தவில்லை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஓடிய எல்லாவற்றையும் மறுபடி படித்தாக வேண்டும் என்றார். அவரிடம் திரும்பி, "நீங்க வீட்டுக்குப் போங்க. பார்க்கலாம்" என்றார். எங்கள் அச்சகத்தில் 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பப்பட்ட யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அது அவருக்கும் தெரியும். மழையில் நனைந்துகொண்டே போனார். பின்னாலேயே அவளும் போனாள். குடை கதவோரமாகவே இருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது முதலாளியம்மா ரீடர் அறையில் தனியாக நின்றிருந்தார். காலியான இரண்டாவது நாற்காலியைப் பார்த்துக்கொண்டே, அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு நேரம் எடுத்தாள் என்றார். "ரொம்ப நேரம்மா" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் விளக்கை அணைத்தார்.

குடையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். வழியெல்லாம் அந்தச் செய்தி நாக்கு நுனியிலேயே நின்றது. கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவள் கட்டிலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாலாக மடித்த அந்த நடுத்தாளை மடியில் விரித்து, விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பெண் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் நின்றது. யாரோ ஏறினார்கள். அது யார் என்று சொல்ல ஒரு முழு வரி ஆயிற்று.

அவர் பொறுக்க முடியாமல் புரண்டார். "அவ போறாளா, திரும்பிடுறாளா? அதை மட்டும் முன்னாடியே சொல்லிடேன்."

"வரும்போது கேளுங்க" என்றாள் அவள், விரலை எடுக்காமல்.

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் வாய்வரை வந்த செய்தியை விழுங்கிவிட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவளுக்கு இன்னும் அரைப் பக்கம் மீதி இருந்தது.